'வரும்' என்ற அறிவிப்பும் 'வருமாம்' என்ற ஐயமும்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்குப் புதிய மென்பொருள் வரப்போகிறது என்று அறிவிப்பு வெளியாகும் ஒவ்வொரு முறையும், அவ்விளையாட்டுகளின் நெடுநாள் ரசிகர்கள் அதனை ஐயத்துடனேயே எதிர்கொள்கின்றனர். 'வரட்டும், பார்க்கலாம்' என்பதே அவர்களின் முதல் மறுமொழி. இதனை நன்றியின்மை என்றும், மாற்றத்திற்கு அஞ்சும் மனநிலை என்றும், எதிலும் குறை காணும் பழக்கம் என்றும் ஒதுக்கிவிடுவோர் பலர். அவ்வாறு ஒதுக்குவது பிழை என்பதே இப்பதிவின் வாதம். அந்த ஐயம் கால் நூற்றாண்டு அனுபவத்திலிருந்து திரண்ட ஓர் அறிவு. மொழியியல் பயின்றவர்களுக்கும், பல்கலைக்கழகங்களில் மின்தரவுகளோடு நாள்தோறும் பழகும் நம் போன்றோருக்கும் அதில் கற்க நிறைய உண்டு. பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

இவ்விளையாட்டை அறியாதோர்க்குச் சிறு விளக்கம். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் அமெரிக்காவில் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் முதல் விளையாட்டு. நால்வரோ ஐவரோ கூடுவர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். அவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது, என்ன சொல்கிறது என்று தாமே முடிவு செய்வர். முயற்சி பலிக்குமா என்பது உறுதியாகத் தெரியாத இடங்களில் 20 முகங்கள் கொண்ட பகடை தீர்ப்பளிக்கும். பாத்திரத்தின் வலிமை, திறன்கள், மந்திரங்கள், உடைமைகள் யாவும் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். ஒரே கதை வாரந்தோறும் தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் நீள்வதுண்டு.

இதற்கு மென்பொருள் எதற்கு என்ற கேள்வி எழலாம். முதன்மை விதிநூல் மட்டுமே 300 பக்கங்களைத் தாண்டும். துணைநூல்களின் எண்ணிக்கையோ ஆண்டுதோறும் பெருகும். பாத்திரம் ஒரு படி உயர்ந்தால் தாளில் பத்து எண்கள் மாறும். இதனைக் கணினியிடம் ஒப்படைக்க விரும்புவது இயல்பே. இன்னொரு தேவை இதனினும் ஆழமானது. முதுகலை முடித்ததும் குழு கலைகிறது. ஒருவர் ஹைதராபாத்தில், ஒருவர் தில்லியில், ஒருவர் வேலை கிடைத்த வேறோர் ஊரில். ஆறு திங்கள் சேர்ந்து வளர்த்த கதை பாதியில் நிற்கிறது. தொலைவிலிருப்போரை ஒரே மேசைக்கு அழைக்கும் கருவி அத்தகையோர்க்குப் பொழுதுபோக்குப் பொருள் மட்டுமன்று. நட்பைத் தொடர்வதற்கான வழியும் கூட. எனவே அக்கருவி 'வரும்' என்று சொல்லப்பட்டு வராமற்போகும்போது ஏற்படும் இழப்பைச் சிறிதென்று கொள்ள இயலாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பதிப்பாளரான டிஎஸ்ஆர் நிறுவனத்தை 1997-இல் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. 1999-இல் விஸார்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது. அதன்பின் வெளிவந்த ஒவ்வொரு பெரும் பதிப்புடனும் ஒரு மென்பொருள் வாக்குறுதி சேர்ந்தே வந்தது.

மூன்றாம் பதிப்பு 2000-இல் வெளியானது. ஆட்டக்காரர் கையேட்டின் தொடக்க அச்சுப் படிகளுடன், பாத்திரம் உருவாக்கும் மென்பொருளின் முன்னோட்டம் அடங்கிய குறுந்தகடு ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. முழு மென்பொருள் 'மாஸ்டர் டூல்ஸ்' என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது. ஃப்ளூயிட் என்ற வெளி நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது. திட்டம் சுருங்கிச் சுருங்கி, பெயரும் மாறி, 2002-இல் 'இ-டூல்ஸ்' என்று பிழைகள் மலிந்த நிலையில் அது கடைக்கு வந்தது. இதற்கிடையில் ஆர்வலர்கள் கூடி 'பிசிஜென்' என்ற திறந்தமூல மென்பொருளை உருவாக்கிக் கட்டணமின்றி அளித்துக்கொண்டிருந்தனர். அந்த ஆர்வலர் வட்டத்திலிருந்து தோன்றிய கோட் மங்கி என்னும் சிறு நிறுவனமே பிற்பாடு இ-டூல்ஸின் பிழைகளைத் திருத்தும் பொறுப்பையும் ஏற்றது. விற்றவர் முடிக்காததை வாங்கியவர் முடிக்க நேர்ந்தது எனலாம்.

நான்காம் பதிப்பு 2007 ஆகஸ்டில் ஜென் கான் விழாவில் அறிவிக்கப்பட்டது. இம்முறை மென்பொருள் துணைப்பொருளாக அன்றிப் பதிப்பின் தூண்களுள் ஒன்றாகவே முன்வைக்கப்பட்டது. 'டி அண்ட் டி இன்சைடர்' என்ற சந்தாவின்கீழ்ப் பாத்திரம் உருவாக்கும் கருவி, பாத்திரத்தின் முப்பரிமாணத் தோற்றத்தை வரையும் கருவி, இணையவழி ஆட்ட மேசை, விதித் தொகுப்பு ஆகிய அனைத்தும் கிடைக்கும் என்றனர். 2008 ஜூனில் நூல்கள் குறித்த காலத்தில் வந்தன. ஆட்ட மேசை வரவில்லை. பாத்திரம் உருவாக்கும் கருவியின் முழு வடிவம் 2009-இல் வந்தது. தோற்றம் வரையும் கருவி வரவேயில்லை. ஆட்ட மேசை 2010-இன் இறுதியில் சோதனை வடிவில் எட்டிப்பார்த்து, சோதனை நிலையைத் தாண்டாமலேயே 2012-இல் மூடப்பட்டது. 2007-இல் அதே நிறுவனம் தொடங்கிய 'கிளீமேக்ஸ்' என்ற ஆட்டக்காரர் சமூகத் தளம் ஏறத்தாழ ஓராண்டிலேயே கைவிடப்பட்டது.

ஐந்தாம் பதிப்பு 2014-இல். டிராப்டோர் என்ற வெளி நிறுவனம் 'டஞ்சன்ஸ்கேப்' என்ற செயலியை ஆக்கிவந்தது. ஆகஸ்டில் கையேடு வெளிவந்தது. அக்டோபரில் அவ்வொப்பந்தம் முறிந்தது. முழுமையான அதிகாரபூர்வக் கருவியான 'டி அண்ட் டி பியாண்ட்' 2017 ஆகஸ்டில்தான் வந்தது. அதனை ஆக்கியது ட்விட்சின் கீழிருந்த கர்ஸ் நிறுவனம். பிறகு அது ஃபேண்டம் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. இறுதியில் 2022-இல் ஹாஸ்ப்ரோ அதனை 14 கோடியே 63 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் முப்பரிமாண ஆட்ட மேசை ஒன்று அறிவிக்கப்பட்டது. பின்னர் 'சிஜில்' என்று பெயர் பெற்ற அக்கருவி 2025 பிப்ரவரியில் வெளியானது. அடுத்த மாதமே அதனை உருவாக்கிய குழுவில் சுமார் 30 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

இந்நிரலை முழுதாகப் பார்த்தவருக்கு ரசிகரின் 'வரட்டும், பார்க்கலாம்' எங்கிருந்து பிறக்கிறது என்று விளக்கத் தேவையில்லை. எனினும் இரண்டு கேள்விகள் எஞ்சுகின்றன. ஏன் இப்படி மீண்டும் மீண்டும் நிகழ்கிறது? இந்த ஐயத்தின் உண்மையான இலக்கு தாமதம்தானா?

முதல் கேள்விக்குப் பலர் தரும் விடை திறமையின்மை அல்லது பேராசை. இரண்டுக்கும் பங்கு இருக்கலாம். ஆயினும் மொழியியல் நோக்கில் வேறொரு காரணமும் தெரிகிறது. இவ்விளையாட்டின் விதிகள் இயற்கை மொழியில் எழுதப்பட்டவை. மனிதர் படித்துப் பொருள்கொள்வதற்கென எழுதப்பட்டவை. பொது விதியைச் சிறப்பு விதி வெல்லும் என்பது ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நெறி. ஒவ்வொரு மந்திரமும், ஒவ்வொரு திறனும் ஏதேனும் ஒரு பொது விதிக்குப் புறனடை. நம் இலக்கண நூல்களில் புறனடைச் சூத்திரம் இயலின் இறுதியில் வரும். இங்கோ நூலின் பெரும்பகுதியே புறனடைகளால் ஆனது. புதிய துணைநூல் ஒன்று வெளிவந்தால், பழைய புறனடைகளுக்கும் புறனடைகள் முளைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2014-ஆம் ஆண்டுக் கையேட்டில் ஆங்கிலத்தில் இரண்டு தொடர்கள் வருகின்றன. தமிழில் அவற்றை 'அண்மை ஆயுதத் தாக்குதல்' என்றும் 'அண்மை ஆயுதத்தால் தாக்குதல்' என்றும் ஏறத்தாழ வேறுபடுத்தலாம். முன்னது தொகை, பின்னதில் மூன்றாம் வேற்றுமை உருபு விரிந்து நிற்கிறது. சாதாரண வாசகருக்கு இரண்டும் ஒன்றே. விதியின்படி இரண்டும் வேறு. வெறுங்கையால் குத்துவது முன்னதில் அடங்கும். கை ஆயுதமன்று ஆகையால் பின்னதில் அடங்காது. எனவே துறவி வகைப் பாத்திரம் எதிரியைத் திகைக்கச் செய்யும் அடியை வெறுங்கையாலும் அடிக்கலாம். ஏனெனில் அவ்விதி தொகைத்தொடரைப் பயன்படுத்துகிறது. உருபு விரிந்து நிற்கும் விதிகள் அவர் கைக்குப் பொருந்தா. ஒரு வேற்றுமை உருபு தொக்கு நிற்கிறதா, விரிந்து நிற்கிறதா என்பதைப் பொறுத்து ஒரு பாத்திரம் பிழைப்பதும் மடிவதும் அமைகிறது!

மேசையில் இச்சிக்கல் எழுந்தால் டஞ்சன் மாஸ்டர் அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்வார், ஆட்டம் தொடரும். நிரலாளருக்கு அந்தச் சலுகை இல்லை. இத்தகைய ஆயிரக்கணக்கான தொடர்களுக்கு அவர் முன்கூட்டியே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அம்முடிவுகள் ஒன்றோடொன்று மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த திருத்தப் பட்டியல் வெளியானதும் மீண்டும் தொடங்க வேண்டும். நூல் அச்சேறும் நாள்வரை விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் நிலையில், அதே நாளில் மென்பொருளும் வந்துவிடும் என்று சொல்வது ஏறத்தாழ நடவாத காரியம். இதனால்தான் தாமதத்திற்காக நான் எவரையும் குறை கூறுவதில்லை. இயற்கை மொழியைக் கணினிக்கு உணர்த்துவதன் துன்பத்தை நம் துறையினர் அறிவர்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நடவாதது என்று தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை, நூல் விற்பனைக்குத் துணையாக நாள் குறித்துச் சொல்வதே குறை.

சொல் என்பது செயலுமாகும் என்று ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் விளக்கினார்; அவை 1962-இல் நூலாயின. ஜான் சர்ல் 1969-இல் வாக்குறுதி என்னும் சொற்செயலைப் பகுத்து அதன் நிபந்தனைகளை வரையறுத்தார். வாக்களிப்பவர் தாமே செய்யவிருக்கும் செயலைப் பற்றிப் பேச வேண்டும். அதனைச் செய்யும் எண்ணம் அவருக்கு இருக்க வேண்டும். கேட்பவர் அதனை விரும்ப வேண்டும். சொன்னமாத்திரத்தில் சொன்னவர்மீது ஒரு கடப்பாடு விழ வேண்டும். இந்நிபந்தனைகளை மேற்கண்ட வரலாற்றோடு பொருத்திப் பாருங்கள்.

கேட்பவர் விரும்புகிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் 'தாமே செய்யும் செயல்' என்ற நிபந்தனை தொடக்கத்திலேயே தள்ளாடுகிறது. மூன்றாம் பதிப்பில் சொன்னவர் ஒருவர், செய்தவர் மற்றொருவர். ஐந்தாம் பதிப்பிலும் அப்படியே. செய்பவர் மாறினால், ஒப்பந்தம் முறிந்தால், நிறுவனம் கைமாறினால், வாக்கு யாருடையது என்பதே தெளிவற்றுப்போகிறது. கடப்பாட்டின் நிலையும் இதுவே. தொழில்நுட்ப நிறுவனங்களின் அறிவிப்புகள் எதனுடனும் 'மாறுதலுக்கு உட்பட்டது' என்ற சிற்றெழுத்து வரி ஒட்டிக்கொண்டிருக்கும். வாக்குறுதியின் பயனை அறிவிப்பு நாளன்றே பெற்றுக்கொள்வது, அதன் சுமையை அச்சிற்றெழுத்து வரியில் இறக்கிவைப்பது: இத்தகைய சொற்செயலுக்கு 'வாக்குறுதி' என்ற பெயர் பொருந்தாது. 2007-இல் கருவிகளின் பட்டியலைக் கேட்டு நான்காம் பதிப்புக்கு மாற முடிவெடுத்தவர் 2008-இல் நூல்களுக்குப் பணம் கொடுத்துவிட்டார். ஆட்ட மேசை வராதபோது அந்தப் பணம் திரும்பவில்லை.

இங்கேதான் தமிழின் ஒரு சிறு ஒட்டு நமக்கு உதவுகிறது. 'கருவி வரும்' என்பதற்கும் 'கருவி வருமாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தையும் அறியும். 'ஆம்' என்னும் அவ்வொட்டு, செய்தி பிறரிடமிருந்து வந்தது என்று காட்டுகிறது. பேசுபவர் அதற்குப் பிணை நிற்கவில்லை என்பதையும் உணர்த்துகிறது. அறிவு எங்கிருந்து வந்தது என்பதை இலக்கணத்திலேயே குறிக்கும் இத்தகைய வழக்குகள் பல மொழிகளில் உண்டு. துருக்கிய மொழியில் அதற்கெனத் தனி விகுதி இருக்கிறது. அமேசான் பகுதியில் பேசப்படும் தரியானா மொழியிலோ, கண்டதா, பிற புலன்களால் உணர்ந்ததா, தடயங்கொண்டு உய்த்ததா, பொது அறிவால் கொண்டதா, கேள்விப்பட்டதா என்று குறிக்காமல் ஒரு கூற்றைச் சொல்லி முடிப்பதே அரிது.

ரசிகரின் ஐயத்தை நான் இவ்வொட்டின் வழியே புரிந்துகொள்கிறேன். நிறுவனம் 'வரும்' என்கிறது. ரசிகர் 'வருமாம்' என்று திருத்துகிறார். அவர் 'வராது' என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தியை மறுக்காமல், அதன் மூலத்தைக் குறித்துவைக்கிறார். தம் பணத்தையும் குழுவின் காலத்தையும் அதன்மேல் வைக்க மறுக்கிறார். ஆய்வேட்டில் பிறர் கூற்றை மேற்கோளாக எடுத்தாளும்போது நாம் செய்வதும் இதுவே. 'வராது' என்று முன்கூட்டியே அடித்துச் சொல்பவர் வேறு வகையினர். அவருடைய நிலைக்கு அவநம்பிக்கை என்று பெயர். எந்தச் சான்று வந்தாலும் அவருடைய முடிவு மாறாது. ஐயமுற்றவரோ சான்று வந்தால் மாறுவார்.

மாறியதற்கும் வரலாறு உண்டு. நான்காம் பதிப்பின் பாத்திரம் உருவாக்கும் கருவி 2009-இல் தாமதமாக வந்தபோதும், நன்றாக வேலை செய்ததால் ரசிகர்கள் அதனை மனமார ஏற்றனர். டி அண்ட் டி பியாண்ட் மூன்றாண்டுத் தாமதத்திற்குப் பிறகு வந்தும் இவ்விளையாட்டின் முதன்மைக் கருவியாயிற்று. 2023-இல் சோதனை வடிவில் வெளிவந்த எளிய இருபரிமாண வரைபடக் கருவி, பெரும் ஆரவாரமின்றிச் சிறுகச்சிறுக வளர்ந்தது. கையில் கொடுத்துவிட்டுப் பிறகு பேசியவர்களை ரசிகர்கள் ஐயுறவில்லை. ஃபேண்டசி கிரவுண்ட்ஸ் 2004 முதலும் ரோல்20 2012 முதலும் இணையவழி மேசையை வழங்கிவருகின்றன. 2020-இல் வந்த ஃபவுண்ட்ரி, ஒருமுறை விலை கொடுத்து வாங்கிச் சொந்தக் கணினியிலேயே நடத்திக்கொள்ளக் கூடியது. இவை எவையும் குறையற்றவை அல்ல. எனினும் ஆடுவதற்கு இன்று இருக்கின்றன என்பதே அவற்றின் பெருமை.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். ஐயத்தின் உண்மையான இலக்கு தாமதம்தானா? அன்று என்றே கருதுகிறேன். தாமதம் வெளியே தெரியும் அடையாளம். அடியில் இருப்பது உடைமை பற்றிய அச்சம்.

நான்காம் பதிப்பின் பாத்திரக் கருவி முதலில் தரவிறக்கிச் சொந்தக் கணினியில் நிறுவத்தக்கதாக இருந்தது. 2010 நவம்பரில் அதன் இடத்தில், சில்வர்லைட் என்ற மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத்தில் இயங்கும் இணைய வடிவம் வைக்கப்பட்டது. சந்தா கட்டும்வரை கருவி. நின்றால் கருவியும் நிற்கும். பின்னர் உலாவிகள் சில்வர்லைட்டைக் கைவிட்டன. 2020-இன் தொடக்கத்தோடு அக்கருவிகள் மூடப்பட்டன. அதே பதிப்பின் அச்சு நூல்கள் இன்றும் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. திறந்தால் படிக்க வருகின்றன. 1974-ஆம் ஆண்டின் சிறு நூல்களைக் கொண்டும் இன்று மாலை ஆடலாம். பத்தாண்டு கூட நிறையாத மென்பொருளைக் கொண்டு ஆட இயலாது.

2024 ஆகஸ்டில் நிகழ்ந்தது இன்னும் நுண்ணியது. திருத்திய புதிய விதிகள் வெளிவரவிருந்த நிலையில், டி அண்ட் டி பியாண்டில் உள்ள பாத்திரத் தாள்களில் பழைய மந்திரங்களும் மாயப் பொருள்களும் புதிய வடிவங்களால் மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பழைய விதிகளுக்குப் பணம் கொடுத்தவர்கள், பழைய விதிகளின்படி நடந்துகொண்டிருக்கும் கதையின் நடுவே இருப்பவர்கள், கொதித்தெழுந்தனர். சில நாட்களிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. அலமாரியிலுள்ள புத்தகத்தின் 211-ஆம் பக்கத்தைப் பதிப்பாளர் இரவோடிரவாக வந்து திருத்திவிட்டுச் செல்ல இயலாது. இணையத்தில் உள்ள நூலில் இயலும் என்பதை அன்று எல்லாரும் உணர்ந்தனர்.

2023 ஜனவரி நிகழ்வையும் இவ்வரிசையில் வைக்க வேண்டும். பிறர் இவ்விளையாட்டுக்குத் துணைநூல்கள் எழுதி வெளியிட 2000 முதல் இடமளித்துவந்த திறந்த உரிமத்தை மாற்றும் வரைவு ஒன்று கசிந்தது. எதிர்ப்பு தெரிவிக்க ரசிகர்கள் கண்ட வழி டி அண்ட் டி பியாண்ட் சந்தாவைக் கூட்டாக நீக்குவது. அம்மாத இறுதிக்குள் நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. பின்வாங்கலுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் நிறுவனம் சந்தாவை நம்பத் தொடங்கினால், ரசிகரின் ஐயத்துக்கும் ஒரு நெம்புகோல் கிடைத்துவிடுகிறது என்பது அதனால் விளங்கியது.

மறுதரப்பையும் கூறுவது முறை. ரசிகர் கூட்டத்தில் எல்லாரும் 'வருமாம்' என்று அடக்கமாகச் சொல்பவர்கள் அல்லர். கருவியை ஆக்கும் ஊழியர்களைத் தனிப்பட்ட முறையில் வசைபாடுவோர் உண்டு. நாள் குறித்தவர் மேலாளர். வசை வாங்குபவர் நிரலாளர். சிஜில் குழுவுக்கு நேர்ந்ததைப் போல, முடிவில் வேலை இழப்பவரும் பெரும்பாலும் அவரே. மேலும், கருவி இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்பவரும், வந்துவிட்டால் எதற்கு என்று கேட்பவரும் சில வேளைகளில் ஒருவராகவே இருப்பதையும் பார்க்கிறோம். ஐயம் அறிவாக நிலைக்க வேண்டுமெனில் அது யாரை நோக்கியது என்பதில் தெளிவு வேண்டும். அறிவிப்பை நோக்கிய ஐயம் நியாயமானது. உழைப்பாளரை நோக்கிய இகழ்ச்சி அவ்வாறன்று.

இத்தனையும் ஓர் அமெரிக்க விளையாட்டைப் பற்றித்தானே, நமக்கென்ன என்று சிலர் கருதலாம். மொழியியல் துறையில் இதே கவலை வேறு சொற்களில் ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டது. 2003-இல் 'லாங்குவேஜ்' ஆய்விதழில் ஸ்டீவன் பேர்டும் கேரி சைமன்ஸும் எழுதிய கட்டுரை, மொழி ஆவணங்களின் பெயர்வுத்தன்மையை ஏழு பரிமாணங்களில் ஆராய்ந்தது. அழியும் நிலையிலுள்ள மொழியைப் பதிவுசெய்ய நாம் பயன்படுத்தும் மின்வடிவங்கள், அம்மொழியைவிட விரைவில் அழியக்கூடும் என்பது அதன் அடிப்படை எச்சரிக்கை. குறிப்பிட்ட ஒரு மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பில் சேமித்த தரவு, அம்மென்பொருளோடு சேர்ந்து போய்விடும். மாறாக, களப்பணியாளர்களின் பழைய கருவியான டூல்பாக்ஸ் தன் தரவை எளிய உரைக்கோப்பாக வைத்திருந்ததால், அக்கருவியே இல்லாத கணினியிலும் அத்தரவை இன்று திறந்து படிக்க முடிகிறது. பாத்திரத் தாளுக்கும் களப்பணிக் குறிப்பேட்டுக்கும் பொதுவான பாடம் இது.

நம் பல்கலைக்கழகச் சூழலிலும் 'வரும்' என்ற சொல் மலிவாகவே புழங்குகிறது. 'திட்ட முடிவில் மின்னகராதி வெளியிடப்படும்', 'தரவுத்தொகுப்பு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்படும்' என்று நிதி கோரும் விண்ணப்பங்களில் நாமே எழுதுகிறோம். நிதி முடிந்ததும் சர்வர் வாடகை நிற்கிறது. இணைப்பைச் சொடுக்கினால் வெறும் பக்கம் வருகிறது. களத்தில் நமக்காக மணிக்கணக்கில் பேசிய முதியவரிடம் 'உங்கள் குரல் இணையத்தில் இருக்கும்' என்று சொல்லிவிட்டு வந்திருப்போம். அது சர்ல் வரையறுத்த எல்லா நிபந்தனைகளையும் நிறைவுசெய்யும் வாக்குறுதி. அங்கே சிற்றெழுத்து வரி எதுவும் இல்லை.

ஆகவே ரசிகர்களின் ஐயத்திலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். விளையாட்டுக் கருவிக்குச் சந்தா கட்டும் முன்னும், நூலகத்திற்கு மென்பொருள் வாங்கப் பரிந்துரைக்கும் முன்னும், நம் சொந்தத் திட்டத்தை எழுதும்போதும் அவை பயன்படும். ஒன்று: அறிவிப்பில் உள்ளவற்றுள் இன்று இயங்குவது எது? அதற்கு மட்டுமே விலை மதிப்பிட வேண்டும். இரண்டு: இது நாளை மூடப்பட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? என் பாத்திரத்தை, என் தரவை, வேறு எங்கும் திறக்கத்தக்க வடிவில் வெளியே எடுக்க வழி உண்டா? மூன்று: வாக்களிப்பவரும் செய்பவரும் ஒருவர்தானா? இல்லையெனில் செய்பவர் விலகினால் பொறுப்பு யாருடையது?

நிறுவனங்களுக்கும் இதில் இழப்பொன்றுமில்லை. நூலை நூலுக்காக விற்கலாம். கருவியை முடித்தபின் காட்டலாம். காலம் ஆகும் என்றால் ஆகும் என்று சொல்லலாம். 50 ஆண்டுகளாகப் பென்சிலும் தாளும் பகடையும் கொண்டு ஆடிவரும் கூட்டம் இது. காத்திருக்க அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்பதெல்லாம், காத்திருக்கும் காலத்துக்கும் சேர்த்துத் தம்மிடம் பணம் வாங்க வேண்டாம் என்பதே.

தங்கள் துறையில் அறிவிக்கப்பட்டு வராமற்போன, அல்லது வந்து மறைந்துபோன மின்கருவிகளின் அனுபவம் இருப்பின் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அவற்றில் சேமித்த தரவை மீட்டெடுத்தவர்கள் எவரேனும் இருந்தால், எவ்வாறு மீட்டீர்கள் என்பதையும் விரிவாகப் பகிருங்கள், பலருக்கு உதவும். என் வாதத்தில் மாறுபடுவோரையும் வரவேற்கிறேன்.